ஓஎஸ் மாற்றிப் போட்ட பிறகு லைசன்ஸ் சாஃப்ட்வேரை மறுபடி ஆக்டிவேட் செய்வது எப்படி

கணினியை மொத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாக ஓஎஸ் (விண்டோஸ் மாதிரி கணினியை இயக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) போட இப்போதெல்லாம் முக்கால் மணி நேரம் போதும். அதற்கு அப்புறம்தான் கூத்து. காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேரை இறக்கி, இன்ஸ்டால் செய்து, வாங்கியபோது கொடுத்த குறியீடான கீயைப் போட்டால் "இந்தக் கீ ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று சிவப்பில் ஒரு வரி வந்து நிற்கும். அதே கணினி, அதே மேசை, அதே ஆள். சொந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு "யாருங்க நீங்க" என்று கேள்வி வாங்குகிற நிலைமை.

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. லைசன்ஸ் உங்கள் கணினியில் இல்லை. விற்றவருடைய சர்வரில் ஒரு பதிவேடு இருக்கிறது, அதில் உங்கள் இமெயிலுக்கு நேராக ஒரு வரி இருக்கிறது, அதுதான் லைசன்ஸ். கணினியில் இருப்பது அந்த வரிக்கான ரசீது மட்டும். ஃபார்மேட் செய்தால் ரசீது போய்விடும், ஆனால் "இவர் ஒரு கணினியில் போட்டிருக்கிறார்" என்ற வரி அங்கே அப்படியே நிற்கும். ஆகவே ஃபார்மேட்டுக்கு முன்னால் "நான் கிளம்புகிறேன், அந்த வரியை எடுத்துவிடு" என்று சர்வரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் கிளம்பிவிட்டால், திரும்பி வந்து "அந்த ஆள் நான்தான்" என்று நிரூபிக்க வேண்டும். முன்னது இரண்டு நிமிட வேலை. பின்னது சில சமயம் ஒரு வாரம்.

அதே கணினிதானே, சர்வருக்கு ஏன் அடையாளம் தெரியவில்லை? ஆக்டிவேட் செய்யும்போது சாஃப்ட்வேர் உங்கள் கணினியிலிருந்து சில விவரங்களைப் பொறுக்கியெடுத்து, கலந்து, கைரேகை மாதிரி ஒன்றைச் செய்து அனுப்புகிறது. மதர்போர்டின் சீரியல் எண், நெட்வொர்க் கார்டின் தனி அடையாள எண்ணான மேக் முகவரி இதெல்லாம் ஃபார்மேட்டில் மாறாது. ஆனால் டிஸ்க்கின் வால்யூம் சீரியல் எண் ஒவ்வொரு தடவை ஃபார்மேட் செய்யும்போதும் புதிதாக உருவாகும். விண்டோஸ் தன் செட்டிங்ஸைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதிவைத்துக்கொள்ளும் மெஷின் ஜியுஐடி என்ற எண்ணும் புது இன்ஸ்டாலில் புதிதாகத்தான் பிறக்கும். மதர்போர்டை மட்டும் பார்க்கிற சாஃப்ட்வேர் சத்தமில்லாமல் திறந்துகொள்ளும்; வால்யூம் எண்ணையும் சேர்த்துப் பார்க்கிற சாஃப்ட்வேர் உங்களை அந்நியராகத்தான் நடத்தும். ஒரே கணினியில் ஒன்று திறக்கிறது, இன்னொன்று முரண்டு பிடிக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இன்னும் ஃபார்மேட் செய்யவில்லை என்றால்

நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஓஎஸ் போட எடுத்த யுஎஸ்பியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, காசு கொடுத்து வாங்கிய ஒவ்வொரு சாஃப்ட்வேரையும் திறந்து, ஹெல்ப் அல்லது அக்கவுன்ட் மெனுவுக்குப் போங்கள். தேடவேண்டிய வார்த்தை ஒவ்வொன்றிலும் வேறு. ஒன்றில் டீஆக்டிவேட் என்றிருக்கும், ஐடியூன்ஸில் டீஆதரைஸ், டேலியில் சரண்டர், வேறு சிலவற்றில் ரிலீஸ் அல்லது டிரான்ஸ்ஃபர், சந்தா வகைகளில் வெறும் சைன் அவுட். எல்லாம் ஒரே காரியம்தான். நெட் இணைப்பு இருக்கும்போதே செய்யுங்கள், ஏனென்றால் செய்தி சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும். செய்து முடித்த பிறகு, அந்த நிறுவனத்தின் தளத்தில் லாகின் செய்து சாதனங்களின் பட்டியலில் உங்கள் கணினியின் பெயர் மறைந்துவிட்டதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அன்இன்ஸ்டால் செய்தாலே லைசன்ஸ் விடுபட்டுவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். சிலவற்றில் அன்இன்ஸ்டால் செய்யும்போது "டீஆக்டிவேட்டும் செய்யவா" என்று ஒரு டிக் பெட்டி வரும், அதைக் கவனித்து டிக் செய்தால் சரி. பலவற்றில் அப்படி எதுவும் கிடையாது. அன்இன்ஸ்டால் என்பது கணினியிலிருந்து ஃபைல்களை எடுப்பது, அவ்வளவுதான். சர்வருக்கு அதில் சம்பந்தமே இல்லை.

எது எவ்வளவு கறார் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில் ஒருவர் ஒரே நேரத்தில் 5 சாதனங்களில் சைன் இன் செய்து வைத்திருக்கலாம், எனவே ஒன்றை மறந்துவிட்டு ஃபார்மேட் செய்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. அடோபி கிரியேட்டிவ் கிளவுடில் 2 கணினி. மூன்றாவதில் நுழைந்தால், மற்ற கணினிகளிலிருந்து சைன் அவுட் செய்யவா என்று அதுவே கேட்கும், செய்துவிட்டு உள்ளே போகலாம். ஐடியூன்ஸில் 5 கணினி வரை ஆதரைஸ் செய்யலாம். பழையவற்றை மறந்துவிட்டால் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக நீக்கும் பொத்தான் இருக்கிறது, ஆனால் அதை வருடத்துக்கு ஒரு முறைதான் அழுத்த முடியும். இவையெல்லாம் பரவாயில்லை ரகம். உண்மையில் கழுத்தைப் பிடிப்பது ஒரு தடவை காசு கட்டி நிரந்தரமாக வாங்கும் சின்ன நிறுவனங்களின் சாஃப்ட்வேர்கள்: ஒலித்தொகுப்பு, எம்பிராய்டரி டிசைன், வரைபடம், லேபிள் அச்சடிப்பு மாதிரியானவை. இரண்டு ஆக்டிவேஷன், தீர்ந்தால் மெயில் அனுப்பு என்று இருக்கும்.

அந்த ரகத்தில் எனக்கே ஒன்று நடந்தது. ஒலித்தொகுப்பு சாஃப்ட்வேர், இரண்டு கணினிக்கான லைசன்ஸ். ஒன்று ஏற்கெனவே செத்துப்போன லேப்டாப்போடு போய்விட்டது, அதை நான் கணக்கிலேயே வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவதை நானே ஃபார்மேட்டில் அழித்தேன். சரி, தளத்தில் போய் ரீசெட் செய்யலாம் என்றால், லாகின் இமெயில் முன்பு வேலை பார்த்த இடத்தின் முகவரி. அது மூடப்பட்டு இரண்டு வருடம். பாஸ்வேர்டு ரீசெட் மெயில் அங்கே போகிறது, எனக்கு வருவதில்லை. கீ என் கையில் காகிதத்தில் இருக்கிறது, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்றுதான் தெரிந்தது, கீயை விட அந்த இமெயில்தான் முக்கியம் என்று.

அதனால் ஒரு நோட்டிலோ ஃபோனிலோ இவற்றை எழுதி வையுங்கள்: சாஃப்ட்வேரின் பெயர், பதிப்பு எண், வாங்கிய இமெயில், ஆர்டர் எண், கீ. ஃபார்மேட் செய்யப்போகும் கணினியின் டெஸ்க்டாப்பில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக எழுதி வைக்காதீர்கள், சிரிக்காதீர்கள், அதைச் செய்தவர்கள் உண்டு. அந்த இமெயிலுக்கு இப்போது லாகின் ஆகிறதா என்று சோதியுங்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக் குறியீடு வரும் ஃபோன் எண் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறதா? பாஸ்வேர்டெல்லாம் பிரவுசரில் சேமித்திருந்தால் அந்த பிரவுசர் ஆன்லைன் கணக்கோடு இணைந்திருக்கிறதா? இல்லையென்றால் பாஸ்வேர்டுகளும் விண்டோஸோடு சேர்ந்து போய்விடும்.

கீயைத் தொலைத்துவிட்டவர்கள் ப்ரொடுகீ மாதிரியான சின்ன டூல்களை வைத்து ரெஜிஸ்ட்ரியிலிருந்து எடுக்கப் பார்ப்பார்கள். பழைய சாஃப்ட்வேர்களுக்கு இது பலன் தரும். ஆனால் விண்டோஸ் 10, 11-இல் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. டூல் காட்டும் கீயின் கடைசி ஐந்து எழுத்து 3வி66டி (3V66T) என்றோ 8எச்விஎக்ஸ்7 (8HVX7) என்றோ இருந்தால், அது உங்கள் கீயே இல்லை. முன்னது விண்டோஸின் ப்ரோ பதிப்புக்கும் பின்னது ஹோம் பதிப்புக்கும் மைக்ரோசாஃப்ட் பொதுவாக வைத்திருக்கும் கீ. டிஜிட்டல் லைசன்ஸில் (கீ இல்லாமல், கணினியின் ஹார்டுவேரை வைத்து சர்வரில் பதிவாகும் லைசன்ஸ்) ஓடும் லட்சக்கணக்கான கணினிகளில் இதுதான் இருக்கும். இதைப் பத்திரமாக எழுதி வைத்துக்கொண்டு எந்தப் புண்ணியமும் இல்லை. அதேபோல, 2013-க்குப் பிந்தைய ஆபீஸ் பதிப்புகளில் கணினியிலிருந்து கீயின் கடைசி ஐந்து எழுத்தை மட்டும்தான் பார்க்க முடியும். முழுக் கீ அங்கே இல்லை, எந்த டூல் வந்தாலும் எடுக்க முடியாது. அந்த ஐந்து எழுத்தை வைத்து, பழைய ரசீதுகளில் எது எந்தக் கணினிக்கு என்று பொருத்திப் பார்க்கலாம், அந்த அளவுக்குப் பயன்.

சிலவற்றில் கீ என்பதே ஒரு ஃபைல். வின்ரார் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு (அப்படியும் சிலர் இருக்கிறார்கள், 40 நாள் சோதனைக் காலம் முடிந்த பிறகும் அது சும்மா திறந்துகொள்ளும் என்றாலும்) ரார்ரெக் என்ற பெயரில் ஒரு சின்ன கீ ஃபைல் வரும், அதை எடுத்து வைத்துக்கொண்டால் முடிந்தது கதை. இன்ஸ்டாலர்களையும் எடுத்து வையுங்கள். இது அலட்சியமாகத் தெரியும், ஆனால் நீங்கள் வாங்கியது 5-ஆம் பதிப்பு, தளத்தில் இன்று கிடைப்பது 7-ஆம் பதிப்பு என்றால் உங்கள் கீ அதில் ஏறாது, பழைய இன்ஸ்டாலரைத் தேடி நீங்கள் கண்ட கண்ட தளங்களுக்கெல்லாம் போய் வைரஸோடு திரும்பி வருவீர்கள்.

கடைசியாக ஒன்று, முடிந்தால் கட்டாயம் செய்யுங்கள்: பழைய டிஸ்க்கை அழிக்காதீர்கள். புது எஸ்எஸ்டி வாங்கி அதில் ஓஎஸ் போடுகிறீர்கள் என்றால் பழையதை அப்படியே எடுத்து ஓரமாக வையுங்கள். அதே டிஸ்க்கில்தான் போடப்போகிறீர்கள் என்றால் குளோன்ஸில்லா மாதிரி ஒன்றை வைத்து முழு டிஸ்க்கையும் ஒரு வெளி டிரைவில் இமேஜாக, அதாவது அச்சு அசல் நகலாக, எடுத்து வையுங்கள். எந்த சாஃப்ட்வேரையாவது டீஆக்டிவேட் செய்ய மறந்திருந்தால், பழைய டிஸ்க்கை மாட்டி பூட் செய்து, டீஆக்டிவேட் செய்துவிட்டு மறுபடி புதியதை மாட்டலாம். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க ரிகவரி கீயையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பழைய டிஸ்க் உங்களுக்கே திறக்காமல் போகலாம்.

விண்டோஸ்

இது பார்க்கப் பயமாக இருக்கும், நிஜத்தில் எல்லாவற்றையும் விடச் சுலபம். கடையில் வாங்கும்போதே விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால், விண்டோஸ் 8 வெளியான 2012-இலிருந்து கீ மதர்போர்டின் ஃபர்ம்வேருக்குள்ளேயே (அதன் சிப்பில் இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) பதிந்துதான் வருகிறது. இன்ஸ்டாலர் அதைத் தானாகப் படித்துக்கொள்ளும், உங்களிடம் கீ கேட்கவே கேட்காது. கேட்டால், "என்னிடம் புராடக்ட் கீ இல்லை" என்று கீழே ஒரு இணைப்பு இருக்கும், அதைத் தட்டிவிட்டு மேலே போங்கள். இன்ஸ்டால் முடிந்து நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். முன்பு அந்தக் கணினியில் விண்டோஸ் 10 அல்லது 11 ஆக்டிவேட் ஆகி ஓடியிருந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் டிஜிட்டல் லைசன்ஸ் அந்த ஹார்டுவேரின் பெயரில் மைக்ரோசாஃப்ட் சர்வரில் ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸ் 10-இன் லைசன்ஸ் 11-க்கும் செல்லும்.

ஆனாலும் முன்னெச்சரிக்கையாகச் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போய் (விண்டோஸ் 10-இல் அப்டேட் அண்ட் செக்யூரிட்டிக்குள் இருக்கும்) என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். டிஜிட்டல் லைசன்ஸில் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று மட்டும் இருந்தால் அது ஹார்டுவேரை மட்டும் நம்பி நிற்கிறது. அதோடு, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு லிங்க் ஆகியிருக்கிறது என்றும் சேர்ந்து வந்தால் இன்னும் பலம். 2016-இல் வந்த அப்டேட்டிலிருந்து இந்த வசதி உண்டு. பின்னால் மதர்போர்டை மாற்றினாலும், அதே பக்கத்தில் இருக்கும் டிரபிள்ஷூட்டரைத் திறந்து, "சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன்" என்பதைத் தேர்ந்தெடுத்து, கணக்கில் நுழைந்து, பட்டியலில் உங்கள் பழைய கணினியைக் காட்டி லைசன்ஸை மீட்கலாம். ஒரு விதிவிலக்கு, லேப்டாப்போடு ஓஇஎம்மாக (தயாரித்த நிறுவனமே போட்டுக் கொடுத்ததாக) வந்த லைசன்ஸ் அந்த மதர்போர்டோடு கட்டிப்போடப்பட்டது, வேறு கணினிக்கு நகராது. தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீட்டெயில் லைசன்ஸ்தான் நகரும். உங்களுடையது எது என்று தெரிய, விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி டிஎல்ஐ (slmgr /dli) என்று அடித்து என்டர் தட்டுங்கள். சில விநாடி கழித்து வரும் பெட்டியில் ரீட்டெயில், ஓஇஎம், வால்யூம் (நிறுவனங்கள் மொத்தமாக வாங்குவது) என்று மூன்றில் ஒன்று இருக்கும்.

வால்யூம் என்று வந்து, கூடவே கேஎம்எஸ் என்றும் இருந்தால் அது அலுவலகக் கணினி. அது நிறுவனத்தின் உள் சர்வரோடு பேசித்தான் ஆக்டிவேட் ஆகும், ஒரு தடவை ஆனால் 180 நாள் செல்லும். வீட்டிலிருந்து நீங்கள் என்ன செய்தாலும் பிரயோஜனமில்லை, விபிஎன் போட்டு அலுவலக நெட்வொர்க்குக்குள் போங்கள், இல்லையென்றால் ஐடி ஆளைக் கூப்பிடுங்கள்.

விண்டோஸில் நிஜமாகவே ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஹோம், ப்ரோ குழப்பம். லேப்டாப் ஹோமோடு வந்தது, இடையில் நீங்கள் காசு கட்டி ப்ரோவுக்கு மாறினீர்கள், இப்போது ஃபார்மேட் செய்கிறீர்கள். இன்ஸ்டாலர் ஃபர்ம்வேரில் ஹோம் கீயைப் பார்த்ததும் உங்களைக் கேட்காமலேயே ஹோமைப் போட்டுவிடும். ஆக்டிவேட்டும் ஆகிவிடும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும், ஆனால் ப்ரோவைக் காணோம். பயப்பட வேண்டாம், ப்ரோ லைசன்ஸ் சர்வரில் பத்திரமாக இருக்கிறது. ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போய், கீயைக் கையில் வைத்திருந்தால் புராடக்ட் கீ மாற்றும் இடத்தில் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் டிரபிள்ஷூட்டரை ஓடவிடுங்கள். உங்கள் கணினிக்கு ப்ரோ லைசன்ஸ் இருப்பதைக் கண்டால் அடுத்து என்ன செய்வது என்று அதுவே சொல்லும்.

ஸ்டிக்கரிலிருந்து கீயைப் படித்து அடிப்பவர்களுக்கு ஒரு விஷயம், இது தெரியாமல் ஒரு மணி நேரம் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன். மைக்ரோசாஃப்ட் கீயில் 25 எழுத்து இருக்கும், ஆனால் எல்லா எழுத்தும் வராது. ஆங்கில உயிரெழுத்து ஒன்றுகூட இருக்காது. 0, 1, 5 மூன்று எண்களும் இருக்காது. எல், எஸ், இசட் இருக்காது. ஆக, மங்கிப்போன ஸ்டிக்கரில் உங்கள் கண்ணுக்கு ஓ மாதிரித் தெரிவது பூஜ்யமும் இல்லை ஓவும் இல்லை, அது கியூவாகவோ டியாகவோ இருக்கும். எஸ் மாதிரித் தெரிவது அநேகமாக 8 அல்லது பி. உண்மையிலேயே சந்தேகம் வரக்கூடிய ஜோடிகள் 8-உம் பியும், 6-உம் ஜியும்தான், அவற்றை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அந்த ஸ்டிக்கர் விண்டோஸ் 7 அல்லது 8-உடையது என்றால் இன்னொரு செய்தி. முன்பெல்லாம் அந்தக் கீயைப் போட்டு விண்டோஸ் 10-ஐ ஆக்டிவேட் செய்ய முடிந்தது, 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்த வழியை மூடிவிட்டது. அதற்கு முன்பே அந்தக் கணினியில் டிஜிட்டல் லைசன்ஸ் பதிவாகியிருந்தால் கவலை இல்லை, இல்லையென்றால் ஸ்டிக்கரோடு மல்லுக்கட்டுவது வீண்.

எப்படியும், விண்டோஸ் ஆக்டிவேட் ஆகாவிட்டால் கணினி நின்றுவிடாது. மூலையில் ஒரு வாட்டர்மார்க் வரும், வால்பேப்பர், நிறம் மாற்றும் இடங்கள் பூட்டிக்கிடக்கும், மற்ற வேலை நடக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து தீர்க்கவேண்டிய பிரச்சினை இல்லை இது.

மற்ற சாஃப்ட்வேர்கள்

எதையும் இன்ஸ்டால் செய்வதற்கு முன்னால் மூன்று சின்ன வேலை. முதலில் தேதியும் நேரமும். மதர்போர்டு பேட்டரி செத்த பழைய கணினியில் தேதி சில வருடம் பின்னால் போய் நிற்கும். அப்போது சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழே செல்லாததாகத் தெரியும், ஆக்டிவேஷன் "நெட் இணைப்பு இல்லை" என்று பொய் சொல்லும். நெட்டெல்லாம் நன்றாக வேலை செய்கிறதே என்று நீங்கள் ரவுட்டரைப் போட்டு உருட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது, கணினிக்கு ஒரு பெயர் வையுங்கள். புதிதாகப் போட்ட விண்டோஸ் டெஸ்க்டாப் அல்லது லேப்டாப் என்ற சொல்லுக்குப் பின்னால் ஏழெட்டு அர்த்தமில்லாத எழுத்தைச் சேர்த்துத் தானாக ஒரு பெயர் வைத்துக்கொள்ளும். லைசன்ஸ் தளத்தில் சாதனப் பட்டியலைத் திறந்தால் இந்த மாதிரி மூன்று பெயர் வரிசையாக நிற்கும், எது உயிரோடு இருக்கிறது எது செத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. கணினியின் பெயரோடு வருடத்தையும் சேர்த்து வைத்தால் அடுத்த தடவை பார்த்ததும் தெரிந்துவிடும்.

மூன்றாவதாக, விபிஎன், யுஎஸ்பி லேன் அடாப்டர், டாக்கிங் ஸ்டேஷன் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பொறியியல், வடிவமைப்பு சாஃப்ட்வேர்கள் பலவும் மேக் முகவரியை வைத்துத்தான் கணினியை அடையாளம் காண்கின்றன. டாக்கில் மாட்டியபடியே ஆக்டிவேட் செய்தால் லைசன்ஸ் டாக்கின் நெட்வொர்க் சிப்போடு ஒட்டிக்கொண்டுவிடக்கூடும். லேப்டாப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனால் "லைசன்ஸ் இல்லை" என்று வரும். வைஃபை செட்டிங்ஸில் ஹார்டுவேர் முகவரியைச் சீரற்றதாக மாற்றிக்கொண்டே இருக்கும் ஒரு ஆப்ஷன் உண்டு, அது ஆனில் இருந்தால் ஆஃப் செய்துவிட்டு ஆக்டிவேட் செய்யுங்கள்.

ஆபீஸ் 2019, 2021 மாதிரி ஒரே தடவை காசு கட்டி வாங்கியவர்கள் செய்யும் தவறு, அந்தக் கீயையே தேடி எடுத்து மறுபடி போடுவது. அந்தக் கீயை முதல் தடவை போட்டபோதே அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது, இனி அது வெறும் கிழித்த டிக்கெட். மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் லாகின் செய்து, சேவைகள், சந்தாக்கள் பகுதிக்குப் போனால் நீங்கள் வாங்கிய ஆபீஸ் அங்கே இருக்கும், இன்ஸ்டால் பொத்தானும் இருக்கும். இறக்கிப் போட்டு, வேர்டைத் திறந்து, அதே கணக்கில் சைன் இன் செய்தால் போதும். கடைசிச் சொல் முக்கியம், அதே கணக்கு. வீட்டில் இரண்டு மூன்று மைக்ரோசாஃப்ட் கணக்கு புழங்கும், விண்டோஸில் ஒன்று, ஆபீஸை வாங்கியது இன்னொன்று. இப்படித்தான் பாதிப் பேர் "என் ஆபீஸ் காணாமல் போச்சு" என்கிறார்கள்.

ஆன்டிவைரஸுக்கும் இதே வழி: கணக்கில் நுழைந்து பழைய சாதனத்தை நீக்கிவிட்டு, அங்கேயிருந்தே இறக்குங்கள். ஸ்டீமில் வாங்கிய கேம்கள், ஆப்பிளின் மேக் கணினியில் ஆப் ஸ்டோரில் வாங்கியவை எல்லாம் கணக்கோடு இருப்பவை, லாகின் செய்து இறக்கவேண்டியதுதான், இதில் சொல்ல ஒன்றுமில்லை. மேக்கில் ஓஎஸ்ஸுக்கே கீ கிடையாது. ஆனால் ஆப் ஸ்டோருக்கு வெளியே வாங்கிய சாஃப்ட்வேருக்கு மேலே சொன்னதெல்லாம் மேக்கிலும் பொருந்தும்.

மாட்டிக்கொண்டால்

டீஆக்டிவேட் செய்யவில்லை, எண்ணிக்கை தீர்ந்துவிட்டது, கீ ஏற மறுக்கிறது. திரும்பத் திரும்ப அதே கீயை அடித்துக்கொண்டிருக்காதீர்கள், சில சர்வர்கள் அதைப் பார்த்து உங்கள் கீயைத் தற்காலிகமாகப் பூட்டிவிடும். முதலில் நிறுவனத்தின் தளத்தில் லாகின் செய்து சாதனங்கள் அல்லது ஆக்டிவேஷன்கள் என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். பழையதை நீங்களே நீக்கிக்கொள்ள இப்போது பல நிறுவனங்கள் விட்டுவிட்டன.

அடுத்து, டிஸ்க்கை ஃபார்மேட் செய்யாமல் மேலாகவே விண்டோஸ் போட்டிருந்தால், சி டிரைவில் விண்டோஸ் டாட் ஓல்டு என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். சாஃப்ட்வேர்கள் தங்கள் விவரங்களை வைக்கும் பழைய புரோகிராம்டேட்டா, ஆப்டேட்டா ஃபோல்டர்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். லைசன்ஸை ஃபைலாக வைக்கும் சாஃப்ட்வேர்களின் ஃபைலை அங்கிருந்து எடுத்துப் புதிய இடத்தில் வைத்தால் சில சமயம் அப்படியே வேலை செய்யும். பத்து நாளில் விண்டோஸ் அந்த ஃபோல்டரைத் தானாக அழித்துவிடும், அதற்குள் வெளி டிரைவுக்கு நகலெடுங்கள். "ரீசெட் திஸ் பிசி" மூலம் ஃபைல்களை வைத்துக்கொண்டு ரீசெட் செய்தவர்களுக்கு, என்னென்ன சாஃப்ட்வேர் நீக்கப்பட்டது என்ற பட்டியல் டெஸ்க்டாப்பிலேயே ஒரு ஃபைலாக வந்து உட்கார்ந்திருக்கும். எதையெல்லாம் திரும்பப் போட வேண்டும் என்று யோசிக்க அது உதவும்.

இதற்கும் மசியவில்லையென்றால் சப்போர்ட்டுக்கு மெயில். இங்கே நிறையப் பேர் "சாஃப்ட்வேர் வேலை செய்யவில்லை, உடனே உதவவும்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, பதிலுக்கு வரும் ஐந்து கேள்விகளுக்கு ஐந்து நாள் மெயில் ஆடிக்கொண்டிருப்பார்கள். என் ஒலித்தொகுப்பு சாஃப்ட்வேருக்கு நான் கடைசியில் அனுப்பிய மெயில், தமிழில் சொன்னால், இவ்வளவுதான்:

"உங்கள் சாஃப்ட்வேரின் இன்ன பதிப்பை இன்ன தேதியில் வாங்கினேன். ஆர்டர் எண் இது, ரசீதை இணைத்திருக்கிறேன். பதிவு செய்த இமெயில் இது. அந்த முகவரி இப்போது மூடப்பட்டுவிட்டது, இனி இந்தப் புது முகவரிக்கு மாற்ற வேண்டுகிறேன். இரண்டு ஆக்டிவேஷனும் தீர்ந்துவிட்டன. ஒன்று பழுதான லேப்டாப், மற்றொன்று நேற்று ஓஎஸ் மாற்றிய கணினி. இரண்டிலும் இப்போது உங்கள் சாஃப்ட்வேர் இல்லை. எண்ணிக்கையை ரீசெட் செய்து தரவும். வரும் பிழைச் செய்தியின் படம் இணைப்பில்."

முதல் மெயிலிலேயே இதை அனுப்பியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். நான் முதலில் அனுப்பியது கோபமாக நாலு பத்தி. அதில் ஆர்டர் எண்ணே இல்லை. மறுமுனையில் இருப்பவர் உங்களை நம்பாமல் இல்லை, அவருக்கு முன்னால் ஒரு திரை இருக்கிறது, அதில் தேட ஓர் எண் வேண்டும். ரசீது இல்லாவிட்டால் வங்கி அல்லது கார்டு கணக்கில் அந்தத் தேதியில் போன தொகையின் வரியைக் காட்டினாலும் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், கார்டு எண்ணை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

சப்போர்ட் எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள். மேலே விளம்பரமாக வரும் எண்களில் போலிகள் ஏராளம், கூப்பிட்டால் உங்கள் கணினிக்குள் ரிமோட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு காசு கேட்பார்கள். சாஃப்ட்வேரின் ஹெல்ப் மெனுவிலோ ரசீதிலோ இருக்கும் முகவரிதான் சரியானது. பொறுமை போய், "காசு கொடுத்து வாங்கியதுதானே, கிராக் போட்டால் என்ன தப்பு" என்று தோன்றும் ஒரு கட்டம் வரும், எனக்கும் வந்தது. தப்பு சரி இருக்கட்டும். கேஎம்எஸ்பிகோ என்ற பெயரில் சுற்றும் கள்ள ஆக்டிவேட்டர்களில் பிரவுசர் பாஸ்வேர்டையும் கிரிப்டோ வாலெட்டையும் திருடும் கிரிப்ட்பாட் என்ற வைரஸ் ஒட்டிக்கொண்டு வந்தது 2021-இல் வெளியே தெரிந்தது. ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓடவிடு என்று கேட்கும் எந்த ஃபைலையும், இப்போதுதான் சுத்தமாகத் துடைத்த கணினிக்குள் விடாதீர்கள்.

விற்ற நிறுவனமே மூடிவிட்டால், அல்லது பழைய பதிப்புக்கான ஆக்டிவேஷன் சர்வரை நிறுத்திவிட்டால்? அடோபி, போட்டோஷாப் முதலியவை அடங்கிய தன் பழைய சிஎஸ்2 தொகுப்பின் சர்வர்களை நிறுத்தியபோது, வாங்கியவர்களுக்காக ஆக்டிவேஷன் தேவைப்படாத தனி இன்ஸ்டாலரையே 2013-இல் தளத்தில் வைத்தது. எல்லாரும் அவ்வளவு பெருந்தன்மையாக இருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட சாஃப்ட்வேரை நம்பி உங்கள் பிழைப்பு ஓடுகிறது என்றால் அந்தக் கணினியை ஃபார்மேட்டே செய்யாதீர்கள், நெட்டிலிருந்து கழற்றிவிட்டு அந்த ஒரு வேலைக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஆக்டிவேட் ஆகி, ஒவ்வொன்றையும் ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்த பிறகு, அன்றைக்கே முழு டிஸ்க்கையும் ஓர் இமேஜ் எடுத்து வையுங்கள். அடுத்த தடவை விண்டோஸ் மக்கர் செய்தால் புதிதாக இன்ஸ்டால் செய்யாமல் அந்த இமேஜை அதே கணினியில் திரும்ப ஏற்றலாம். வால்யூம் எண்ணும் மெஷின் எண்ணும் பழையபடியே திரும்பி வருவதால் பெரும்பாலான சாஃப்ட்வேர்கள் உங்களை எதுவும் கேட்காமல் திறந்துகொள்ளும். இமேஜை வேறொரு டிரைவில் வையுங்கள், அதே டிஸ்க்கின் டி டிரைவில் வேண்டாம். டிஸ்க்கே போய்விட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும்.